ஓட்டை போட்டது யார்?

ஆறாம் வகுப்பில் ஆதிமனிதர் பாடத்தைத் தொடங்கும் முன்பே மாணவர்கள் மனத்தில் ஒரு படம் இருக்கும்: சடைமுடி, கையில் தடி, பச்சை இறைச்சி. அதை மாற்ற, பாடநூலுடன் நான் சேர்த்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகை. கேப்டவுனுக்குக் கிழக்கே சுமார் 300 கி.மீ. தொலைவில், கடலைப் பார்த்தபடி உள்ள சிறிய குகை அது. கிறிஸ்டோபர் ஹென்சில்வுட் தலைமையில் 1990களின் தொடக்கத்தில் அங்கு அகழாய்வு தொடங்கியது.

கிடைத்தவற்றில் பெரும்பகுதி குப்பைதான். தின்று எறிந்த சிப்பிகள், மீன் முள்கள், சீல் எலும்புகள், ஆமை ஓடுகள், அடுப்புச் சாம்பல். வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்து நேற்று என்ன சமையல் என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அகழாய்வாளர் செய்வதும் அதுவே. கருவிகளில், இருபுறமும் செதுக்கிய ஈட்டிமுனைகளும் எலும்பில் செய்த துளைப்பான்களும் உண்டு. கல்லை நெருப்பில் பக்குவப்படுத்தி, விளிம்பை அழுத்திச் சில்லு பெயர்த்திருக்கிறார்கள்.

பாடம் சூடுபிடிப்பது மணிகளில். சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, துளையிட்ட 41 சிறு கடல்நத்தை ஓடுகள் பற்றி 2004இல் அறிவித்தார்கள். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, “பீச்சுல நாங்க பொறுக்குற சங்குலயும் ஓட்டை இருக்கே டீச்சர், அதை யார் போட்டா?” என்றாள். இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பயிற்சித்தாளும் தராது.

கடற்கரையில் பொறுக்கிய ஓட்டைச் சங்குகளைக் குழுவுக்குப் பத்தாகக் கொடுத்தேன். துளை எங்கே, எப்படி இருக்கிறது என்று எழுதினார்கள். ஒன்றில் நுனியில், ஒன்றில் முதுகில். சில, இரை தேடும் வேறு நத்தை குடைந்த வட்டத் துளைகள். சில, அலையில் தேய்ந்தவை. பிறகு புளோம்போஸ் சான்றுகளை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதினேன். பெரும்பாலான ஓடுகளில் துளை ஒரே இடத்தில், வாய் விளிம்புக்கு அருகே உள்ளது; இயற்கையில் அந்த இடத்தில் துளை விழுவது அரிது. நூலில் உரசித் தேய்ந்த தடம் இருக்கிறது. அந்த நத்தை வாழ்வது ஆற்றுக் கழிமுகத்தில். குகைக்கு மிக அருகிலிருந்த ஆறுகளே சுமார் 20 கி.மீ. தள்ளி இருந்தன. சரி, தின்பதற்குக் கொண்டுவந்திருக்கலாமே? ஓடு சுண்டுவிரல் நகமளவுதான்; உள்ளே இருக்கும் சதையை நம்பி யாரும் அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள்.

இன்னொரு மாணவன் விடவில்லை: பிற்காலத்தவர் போட்ட மணி கீழே இறங்கியிருக்கலாமே என்றான். சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் காற்று கொண்டுவந்த மணல் பழைய அடுக்குகளை மூடிவிட்டது. அதற்கு மேலேதான் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களின் தடயங்கள் இருக்கின்றன. நோட்டில் மூன்று அடுக்குகளை வரைந்து காட்டியதும் அவனே தலையாட்டினான்.

இந்த வகுப்புக்கு இரண்டு பாடவேளை வேண்டும். ஒன்றில் முடிக்க நினைத்தால் நாமே விடையைச் சொல்லிவிடுவோம், பயனில்லை.

அதே குகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய காவிக்கற்களும் கிடைத்தன. கோடுகளின் பொருளை அறிஞர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கூறி, படத்தை மட்டும் காட்டினேன். வலை, வேலி, கோலம், கணக்கு என்று விடைகள் வந்தன. “சும்மா உக்காந்திருந்தப்ப கிறுக்கினது” என்றது கடைசி பெஞ்ச். அதையும் பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று கிடைத்தால் நம்பலாம் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.