அசலைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மலிவு விலையில் வாங்கிய, பெயரோ முத்திரையோ இல்லாத மடக்குக் கத்தி. "இது எந்தக் கத்தியைப் பார்த்துச் செய்தது, அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். கத்தி செய்யக் கற்றுக்கொள்ளும் வயதில் இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கையில் இருப்பது ஒரே கத்தியின் நகல் இல்லை. மூன்று பேருடைய யோசனைகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்த நகல். அந்த மூவரையும் எப்படிக் கண்டுகொள்வது என்பதை விரிவாக எழுதுகிறேன். அது பிடிபட்டுவிட்டால், அடுத்த கத்திக்கு நீ யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கைப்பிடியின் நிறத்தையும் வளைவையும் வைத்துத் தேடத் தொடங்காதே. நகலெடுப்பவர்கள் முதலில் மாற்றுவது அவற்றைத்தான். பூட்டை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அலகின் அடிப்பாகம், கைப்பிடியின் தடிமன், ஆணி இருக்கும் இடம் எல்லாம் பூட்டைப் பொறுத்தே அமைகின்றன. அதனால் கத்தியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது, திறந்த அலகை மடங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது எது என்பதைத்தான்.

கைப்பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் இருந்து, அதன் பல் அலகின் அடியில் உள்ள வெட்டில் விழுந்தால் அது லாக்பேக். இந்தப் பூட்டை உலகெங்கும் பரப்பியது 1964-இல் வந்த பக் 110. பித்தளை முனைகளும் மரத் தகடுகளும் கொண்ட அந்த அமெரிக்கக் கத்திக்கு இருக்கும் நகல்களுக்குக் கணக்கே இல்லை. பூட்டை விடுவிக்க விரல் எங்கே அழுத்துகிறது என்று பார். பக் 110-இல் அந்த இடம் கைப்பிடியின் கடைசிப் பகுதியில் இருக்கும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் டெலிக்கா கத்தியில் முதுகின் நடுவில் இருக்கும். இரண்டும் லாக்பேக்தான், ஆனால் வம்சம் வேறு.

உன் கத்தியில் இருப்பது ஃபிரேம் லாக். கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டையே நீளவாட்டில் பிளந்து, அந்தப் பட்டை உள்பக்கம் வளைந்து அலகின் அடியில் முட்டி நிற்கும்படி செய்வது. இதைச் செய்தவர் கிறிஸ் ரீவ். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோவுக்குக் குடியேறியவர். அவருடைய செபென்ஸா கத்திதான் இந்தப் பூட்டுக்கு மூலம். ஆனால் ரீவுக்கு முன்னோடி மைக்கேல் வாக்கர். 1980-களின் தொடக்கத்தில், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து அலகைத் தாங்கும் லைனர் லாக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அவருக்கும் முன்னால், 1906-லேயே காட்டராகஸ் நிறுவனக் கத்திகளுக்காக அதே வகைப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். வாக்கர் பழைய பூட்டை அப்படியே எடுக்கவில்லை. தகடு அலகின் அடியில் நேராக முட்டும்படி மாற்றி, மூடிய அலகு தானாகத் திறக்காமல் பிடிக்க ஒரு சிறு குண்டையும் பதித்தார். ரீவ் உள்தகடே வேண்டாமென்று கைப்பிடியையே பூட்டாக்கினார். ஒவ்வொருவரும் முன்னவர் அப்படிச் செய்ததன் காரணத்தைப் புரிந்துகொண்டுதான் மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது உன் மூன்றாவது படத்தைப் பார். ரீவின் கைப்பிடி டைட்டானியம். இயல்பாகவே வில்போல் வளைந்து மீளும் உலோகம். அதன் பூட்டுப் பட்டையில் ஓரிடத்தை மட்டும் குடைந்து மெலிதாக்குவார்கள். அந்த இடம் வளையும், மற்ற பகுதி விறைப்பாக நின்று பாரத்தைத் தாங்கும். உன் கத்தி தடித்த எஃகு. குடைந்த பள்ளமும் இருக்கிறது, ஆனால் ஆழமில்லை. பட்டையைத் தள்ளினால் கட்டைவிரல் நோகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பள்ளத்தின் தோற்றம் வந்திருக்கிறது. அதன் காரணம் வரவில்லை. தம்பி, நகலில் நீ தேட வேண்டியது இதைத்தான். எங்கே ஓர் உறுப்பு தன் வேலையைச் செய்யாமல் வெறுமனே இருக்கிறதோ, அது வேறொரு கத்தியிலிருந்து வந்தது. அது ஒழுங்காக வேலை செய்யும் கத்தியைத் தேடு. அசல் அதுதான்.

அலகில் உள்ள நீள்வட்டத் துளையையும் இதே கண்ணால் பார். 1981-இல் கொலராடோவின் கோல்டன் ஊரிலிருந்து சால் கிளெஸ்ஸர் தன் முதல் ஸ்பைடர்கோ கத்தியை வெளியிட்டார். அலகில் ஒரு வட்டத் துளை, சட்டைப்பையில் மாட்ட ஒரு கிளிப். கட்டைவிரலின் சதை துளைக்குள் பதிந்து அதன் விளிம்பைப் பிடிக்கும். எந்தக் கையாலும் ஒற்றைக் கையில் திறக்கலாம். மூடியிருக்கும்போதும் துளை வெளியே தெரிய வேண்டும் என்பதால் அந்த அலகுகளின் முதுகு மேடிட்டிருக்கும். வட்டத் துளை அந்த நிறுவனத்தின் வணிகச் சின்னம். அதனால் பின்தொடர்பவர்கள் துளையை நீட்டிவிடுகிறார்கள். உன் கத்தியில் துளை நீண்டது, ஆனால் முதுகில் மேடு வரவில்லை. மூடினால் பாதித் துளை கைப்பிடிக்குள் புதைந்துவிடுகிறது.

மூன்றாவது, அலகின் முதுகில் இருக்கும் சிறு கொக்கி. எர்னெஸ்ட் எமர்சனுடையது. எதிராளியின் கத்தி கைக்கு வழுக்கி வராமல் தடுக்கவே அவர் அதை வைத்தார். பையிலிருந்து எடுக்கும்போது அது துணியின் ஓரத்தில் மாட்டி அலகைத் தானே திறப்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அப்படித் திறக்க, கத்தி பைக்குள் முனை மேலாக இருக்க வேண்டும். உன் கத்தியில் கிளிப் மறுமுனையில் திருகப்பட்டிருக்கிறது. முனை கீழே போய்விடுகிறது; கொக்கி எதிலும் மாட்டாது.

இதைக் கேட்டதும் உனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஒரு நிதானமும் வேண்டும். ஸ்பைடர்கோவே எமர்சனிடம் உரிமம் பெற்றுத் தன் கத்திகள் சிலவற்றில் அந்தக் கொக்கியை வைத்தது. ஆகவே துளையும் கொக்கியும் சேர்ந்திருப்பது மட்டுமே களவுக்குச் சான்றாகாது. இன்னொரு வகையும் உண்டு. பில் மெக்ஹென்றியும் ஜேசன் வில்லியம்ஸும் உருவாக்கிய ஆக்சிஸ் என்ற பூட்டு, 1998-இல் பெஞ்ச்மேட் நிறுவனத்தின் 710 கத்தியில் வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் அந்த முறையை வெளிப்படையாகவே பயன்படுத்துகின்றன. அதில் தவறில்லை; காப்புரிமை என்பதே குறித்த காலம் கழித்து யோசனையை எல்லோருக்கும் கொடுத்துவிடும் ஏற்பாடுதான். உரிமம் பெற்றது, காலம் முடிந்து பொதுவானது, கேட்காமல் எடுத்தது, பெயரையே பொய்யாகப் பொறித்தது என்று நான்கும் வேறுவேறு. யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் எது எந்த வகை என்று பிரித்துவிடு.

ஒரே மூலவர் இல்லாத கத்திகளும் உண்டு. பிரான்சின் அவேரோன் பகுதியில் லாயோல் என்ற ஊர். 1829-இல் பியேர்-ழான் கால்மெல்ஸ் அங்கே செய்த கத்தியிலிருந்து ஒரு மரபே வளர்ந்தது. மெலிந்த வளைவான கைப்பிடி, முதுகு வில்லின் தலையில் ஒரு தேனீ. அந்தக் கத்தியைத் தியேர் நகரத்துக் கைவினைஞர்களும் தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். 1993-இல் வெளியார் ஒருவர் ஊரின் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். இறக்குமதியான மலிவுப் பொருள்கள் அந்தப் பெயரோடு விற்பனைக்கு வந்தன. 2012-இல் நீதிமன்றம் தங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, ஊர்மக்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2019-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தேனீ பொறித்த மலிவுக் கத்தி ஒன்று உன்னிடம் வந்தால், "இதன் அசல் எது?" என்று ஒரு பெயரைத் தேடாதே. மரபின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுது. பிறகு தேனீயையும் வில்லையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார். செய்தவரின் உழைப்பு எவ்வளவு என்பதை அராவிய கோடுகள் சொல்லும்.

உன் குறிப்பேட்டில் ஒவ்வொரு கத்திக்கும் நான்கு வரிகள் போதும். பூட்டு யாருடையது, திறக்கும் முறை யாருடையது, எது காரணத்தோடு வந்திருக்கிறது, எது காரணத்தை இழந்திருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுது. விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதே. மலிவு விலையில் சொந்த வடிவமைப்போடு நேர்மையாக வரும் கத்திகள் நிறைய உண்டு.

நாளை நீ செய்யும் கத்தியில் ஃபிரேம் லாக் வைத்தால், வாங்குபவரிடம் ரீவின் பெயரைச் சொல், வாக்கரின் பெயரையும் சொல். அது உன் மதிப்பைக் குறைக்கும் என்று பயப்படாதே. பிறரிடமிருந்து வந்ததைப் பெயர் சொல்லித் தனியே எடுத்து வைக்கத் தெரிந்தவனுக்குத்தான், எஞ்சியிருப்பதில் தன்னுடையது எது என்பது தெரியும். அதை வளர்ப்பதுதான் இனி உன் வேலை.

அன்புடன்,
உன் அண்ணன்