பார்லியின் தவிடும் உள்மணியும்

கேள்வி: ஆலையில் தீட்டி முத்துப்போலாக்கிய பார்லியில் நார்ச்சத்து மிஞ்சுமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: மிஞ்சும். ஜவ்வாது மலைச் சாமையைத் தீட்டினால் தவிட்டோடு நாரின் பெரும்பகுதி போய்விடும். பார்லியிலோ, பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார் உள்மணியின் மாவுப் பகுதியெங்கும் செல் சுவர்களில் வியாபித்திருப்பதால், தீட்டிய பின்னும் 100 கிராமில் சுமார் 15 கிராம் நார் நிற்கிறது. மேலுறையின் கரையாத நார் மலச்சிக்கலுக்கு நல்லது. கஞ்சிக்கு வழவழப்பைத் தரும் பீட்டா குளுக்கன், தினமும் 3 கிராம் சேர்ந்தால் கொலஸ்ட்ராலைத் தணிக்கும். முற்காலத்தில் தோல் பதனிடுவோர் தவிட்டு நீரைப் புளிக்கவைத்து, அதன் அமிலத்தால் தோலில் ஏறிய சுண்ணாம்பை நீக்கினார்களே, அதையொத்த நொதித்தலே இந்த நாரால் நம் பெருங்குடலிலும் நிகழ்ந்து, பிறக்கும் அமிலங்கள் குடற்சுவரைப் போஷிக்கின்றன என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. ஆகையால், வடித்த நீரை மட்டும் பருகாமல், பருக்கையையும் உண்ணுங்கள்.