தாயத்தில் எந்தக் காய்க்கு ஆபத்து?

கொற்கை என்றதும் முத்து உங்கள் நினைவுக்கு வரும். தாமிரபரணியின் முகத்துவாரத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய அவ்வூர், ஆறு கொணர்ந்த வண்டல் படிந்ததால், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. அந்தப் பக்கத்துத் திண்ணைகளில் விடுமுறை நாள்களில் தாயக்கட்டை உருளும் ஓசையை நீங்கள் கேட்டிருக்கலாம். முத்தை விட்டுவிட்டு அந்தக் கட்டையைச் சற்று ஆராய்வோம்.

பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. மற்றக் கட்டங்களில் நிற்பதை எதிரி வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் மீண்டும் இறங்கத் தாயம் விழவேண்டும். எதிரியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் நம் காய்கள் உள்சுற்றுக்குப் போகலாம். ஆகவே குறிக்கட்டத்திலேயே பதுங்கி ஆடுகிறவர் வெல்வதற்கில்லை. வெளியே நின்றுதான் ஆகவேண்டும். எதிரிக்கு எத்தனை கட்டம் முன்னால் நிற்பது?

"எதிரியின் மூக்குக்கு முன்னால் நிற்காதே" என்பார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். நான்கும் சமமாக விழும் எனக் கொள்வோம். இரு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். மூன்று விழும் வழிகளைப் பாருங்கள்: 0-3, 3-0, 1-2, 2-1, ஆக நான்கு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள். தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழி.

ஆனால் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். விழுந்த எண்களைத் தனித்தனியாகவோ சேர்த்தோ நகர்த்தலாம். முதலில் 1, பிறகு 2 விழுந்தாலும் மூன்றாவது கட்டத்துக் காய் வெட்டுப்படும். தாயத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் உருட்டலில் அது விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. 5, 6, 12 ஆகியவற்றில் ஒன்று விழுந்து (4/16) மறு உருட்டல் கிடைத்தால் மீண்டும் அதே 1/8. இப்படியே போகும் பெருக்குத் தொடரைக் கூட்டினால் 1/8 ÷ 3/4 = 1/6.

மற்றவற்றையும் இவ்வாறே கணக்கிடலாம். பின்னால் எதிரியின் காய் ஒன்றே இருந்தால், அதற்கு ஒரு கட்டம் முன்னால் நிற்பது வெட்டுப்பட வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 17. இரண்டு கட்டத்தில் 32, மூன்றில் 45, நான்கில் 37, ஐந்தில் 21, ஆறில் 13. மூக்குக்கு முன்னால் நிற்பதைவிட மூன்று கட்டம் தள்ளி நிற்பது இரண்டரை மடங்குக்கு மேல் ஆபத்து!

மேலைநாட்டுப் பேக்காமன் ஆட்டத்தில் கனசதுரப் பகடைகள் இரண்டையும் தனித்தனியாகவும் பயன்படுத்தலாம். அங்கே மிக மோசமான இடம் ஆறு கட்டத் தொலைவு. 36 வழிகளில் 17-இல் அடிபடும். ஆட்டம் மாறினால் ஆபத்தான தொலைவும் மாறும்.

இனி ஒரு சிக்கல். உங்கள் காய் ஒன்று 20 கட்டம் நடந்து வந்து எதிரிக்கு ஒரு கட்டம் முன்னால் நிற்கிறது. இன்னொன்று 8 கட்டமே நடந்தது. வேறோர் எதிரிக் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்கிறது. ஒன்றைத்தான் நகர்த்த முடியும். எதை? பெரும்பாலோர் மூத்த காயையே நகர்த்துவார்கள். அதன் எதிர்பார்ப்பு இழப்பு 20 × 1/6, அதாவது 3.3 கட்டம். இளைய காய்க்கு 8 × 0.45 = 3.6. ஆகவே இளையதைக் காப்பாற்றுவதே சற்று மேல். வெட்டுப்பட்டால் தாயத்துக்காகக் காத்திருப்பது, சராசரியாக 6 முறை, இரண்டுக்கும் பொது. அதையும் சேர்த்தால் இளையதன் பக்கம் தட்டு இன்னும் தாழும்.

தாக்குகிறவருக்கு இதே கணக்கு தலைகீழ். எதிரிக் காய்க்கு மூன்றும் நான்கும் கட்டம் பின்னால் இரு காய்களை நிறுத்தினால், முதல் உருட்டலிலேயே 16-இல் 7 வழிகள் உங்களுடையவை. ஒன்றும் ஆறும் பின்னால் நிறுத்தினால் மூன்றே.

கட்டை இல்லாதவர்கள் சோழியோ, ஒரு பக்கம் தேய்த்த புளியமுத்தோ உருட்டுவார்கள். அவை மல்லாந்து விழும் வாய்ப்பு சரிபாதி என்று நம்பிவிடாதீர்கள். ஒரே சோழியை 200 முறை உருட்டி எண்ணிப் பாருங்கள்; பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.