மதுரைக்கு விடுமுறையில் போகிறீர்களா? வெளியே சாப்பிடச் சில குறிப்புகள்

ஊருக்குப் போனால் பழகிய ஒரே ஓட்டலோடு விடுமுறை முடிந்துவிடுகிறதா? இப்படிச் செய்யுங்கள்.

1. எந்தெந்த வேளை வெளியே சாப்பிடுவீர்கள் என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்று வைத்த மீன்குழம்பு மிஞ்சினால் அவர் மனம் வாடிவிடும்.

2. நல்ல கடை எதுவென்று ஆட்டோக்காரரிடம் கேளுங்கள். தினமும் வெளியே சாப்பிடுகிறவருக்குத்தான் இப்போது எங்கே கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது என்று தெரியும்.

3. கறிதோசைக்குக் கூட்டம் சேரும் முன்பே போங்கள். அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. மூன்றும் கல்லில் நிதானமாக வெந்தால்தான் ருசி. ஒன்றை இருவராகப் பகிர்ந்துகொள்ளுங்கள், பரோட்டா சால்னாவுக்கும் வயிற்றில் இடம் வேண்டுமே! மதுரையில் ஒரே ஒரு இரவுதான் கிடைக்கும் என்றால், என் ஓட்டு கறிதோசைக்கே.

4. பருத்திப்பாலைச் சூடாகவே குடியுங்கள். ஆறினால் கெட்டியாகிவிடும்.

5. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிப்பதைச் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தது. நிறைந்த வயிறு தாங்காது.

6. தாத்தா, பாட்டி உடன் வந்தால் படியேறத் தேவையில்லாத கடையாகப் பாருங்கள். முட்டிவலியோடு உட்கார்ந்தால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.