இரக்கத்தைக் களவாடுவோர்



ஒரு நாட்டைப் புயலோ வெள்ளமோ தாக்கியவுடன் நல்ல உள்ளங்கள் கொடுப்பதற்கு முன்வருகின்றன. அவ்வேளையில் கள்வரும் முன்வருகின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் நமது கரையோரங்களை அழித்தபோது, சில நாட்களுக்குள்ளேயே போலி நிதிக் கோரிக்கைகள் மின்னஞ்சலில் உலாவின. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதுபற்றி மக்களை எச்சரித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டை வருத்தியது. இத்தகைய நாட்களில் உண்மையும் பொய்யும் ஒரே கைத்தொலைபேசிக்கே வந்து சேர்கின்றன.

கள்வர் செய்வது என்ன? வேறொரு நாட்டின் பழைய வெள்ளப் படத்தைக் காட்டி வங்கிக் கணக்கு இலக்கம் ஒன்றை அனுப்புவர். அறியப்பட்ட நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி இணையத்தளம் அமைப்பர். பாதிக்கப்பட்டவர்களையும் அவர்கள் விடுவதில்லை. "உங்கள் நிவாரணப் பணம் தயார், வந்த ஆறு இலக்கங்களைச் சொல்லுங்கள்" என்பர். அவ்விலக்கங்கள் உங்கள் கணக்கின் திறப்பு. வீடிழந்த குடும்பம் எஞ்சிய சேமிப்பையும் இழந்துவிடும்.

ஆகவே இவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. "உடனே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினால் நிதானியுங்கள்.

2. செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், அந்நிறுவனத்தின் முகவரியை நீங்களே தேடித் திறவுங்கள்.

3. குருவானவரோ உறவினரோ பணம் கேட்பதாகச் செய்தி வந்தால், முன்பே தெரிந்த இலக்கத்தில் அழைத்துப் பேசுங்கள். ஒருவரின் வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி அவர் பெயரில் எழுதுவது இன்று எளிது.

4. இரகசிய இலக்கங்களை எவருக்கும் சொல்லாதீர்கள். அரச நிவாரணம் பற்றிய ஐயத்தைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ தீர்த்துக்கொள்ளுங்கள்.

5. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், பின்னர் பொலிசாருக்கும் அறிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் கள்வனுக்கே இலாபம்.

சிலர், "ஏன் இந்த வம்பு, கொடுக்காமலே இருப்போம்" என்பர். அது சரியன்று. அப்படியானால் கள்வன் நம் பணத்தை விட்டுவிட்டு நம் இரக்கத்தைக் கொண்டுபோனவனாவான். பசித்தவனும் பசித்தவனாகவே இருப்பான். பங்கின் வழியாகவோ, செடெக், கியூடெக் போன்ற திருச்சபை நிறுவனங்களின் அலுவலகங்கள் வழியாகவோ கொடுக்கலாமே. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் போதித்தார். ஆனால், யார் கையில் கொடுக்கிறோமென்று வலக்கை அறிந்திருத்தல் வேண்டும். பாம்பின் விவேகத்தையும் புறாவின் கபடின்மையையும் சீடரிடம் ஒருங்கே கேட்டவரும் அவரே (மத். 10:16).

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் இந்த ஐந்தையும் வீட்டிலுள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.