மலைச்சரிவுத் திராட்சையும் கூட்டுறவும்

சிறுமலை அடிவாரத்தில், வெள்ளோட்டைச் சூழ்ந்த ஊர்களில், பன்னீர்த் திராட்சைப் பந்தல்களை உறுப்பினர் பலரும் கண்டிருப்பர். தணிக்கைக்காக அப்பக்கம் சென்றபோது ஒரு விவசாயி என்னிடம், “ஐயா, சின்னாளபட்டிச் சேலை நல்ல விலை வரும்வரை பெட்டியில் கிடக்கும், எங்கள் பழம் கிடக்குமா?” என்று கேட்டார். அவ்வினாவே இப்பாடத்திற்கு வித்து.

பழுத்த குலை காத்திராது. ஆகவே வியாபாரி சொல்வதே விலையாகிறது. இந்த இடர் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று.

1. பதினெண்மர் செய்த செயல்

ஜெர்மனியில் ஆர் என்னும் சிற்றாற்றின் கரையில் மைஷோஸ் என்ற ஊர் உள்ளது. செங்குத்தான பாறைச் சரிவுகளில் படிப்படியாக அமைந்த சிறு தோட்டங்களே அவ்வூராரின் சொத்து. அவர்களும் வணிகரின் விலைக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தனர். 1868ஆம் ஆண்டில் 18 பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். பழத்தைத் தனித்தனியே விற்காமல், பொதுக் கிடங்கில் தாமே ஒயின் ஆக்கி விற்கத் தொடங்கினர். 2021 ஜூலையில் பெருவெள்ளம் அப்பள்ளத்தாக்கைச் சிதைத்தபோது, பிற பகுதிகளின் திராட்சை விவசாயிகள் வந்து கைகொடுத்தனர். சங்கம் அழியவில்லை.

2. செந்நிறம் எங்கிருந்து வருகிறது?

கருந்திராட்சை பெரும்பாலானவற்றின் சாறு நிறமற்றது; நிறம் தோலில் உள்ளது. எனவே சிவப்பு ஒயினுக்குப் பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பர். நொதி என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு மதுசாரமாக மாற்றும். லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கரைந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரம் உண்டாகும். ஆகவே பழத்தின் இனிப்பே சரக்கின் தரம். இத்தகைய சங்கங்களில் எடையோடு இனிப்பையும் அளந்து பணம் கொடுப்பது இதனாலேயே.

3. இயற்கை முறை

சரிவில் நீர் தேங்காது, காற்றோட்டத்தால் இலைப்பனி விரைவில் உலரும், நோய் குறையும். ஆயினும் நம் வடகிழக்குப் பருவமழையில் அடிச்சாம்பல் நோய் தாக்காமல் இராது. நெருங்கிய கொடிகளைக் கவாத்து செய்து வெளிச்சம் விடுதல் முதல் மருந்து. அறுவடையை ஒட்டிக் கந்தகத் தூள் தூவினால், அதன் எச்சம் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்கும். மருந்தைக் குறைப்பது மண்ணுக்கு மட்டுமன்றிச் சரக்கிற்கும் நன்மையே.

4. நாம் கொள்ள வேண்டியது

மதுவைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி ஒயின் ஆக்குவது குற்றம். வீட்டுப் பானையில் முயல்வோர் துன்பத்தையே தேடிக்கொள்வர். ஆனால் பாடம் பாட்டிலில் இல்லை. பொதுக் கிடங்கில் இருக்கிறது. மைஷோஸ் சங்கம் தோன்றிய மறு ஆண்டில், 1869இல், அமெரிக்காவின் வைன்லேண்ட் நகரில் தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர், தேவாலயப் பயனுக்காகத் திராட்சைச் சாற்றைச் சூடாக்கி நொதியை அழித்துப் புளிக்காமல் பாதுகாத்தார். அவ்வழி நமக்குத் திறந்தே உள்ளது. மணமிக்க பன்னீர்த் திராட்சை சாற்றுக்கு ஏற்றது. கொதிகலனும் பாட்டிலும் ஒருவரால் வாங்க இயலாதவை, பதினெண்மரால் இயலும்.

ஒன்று மட்டும் மறவாதீர். விலை இறங்கிய வாரம் சங்கத்திற்கும், ஏறிய வாரம் வியாபாரிக்கும் பழம் கொடுப்போமானால், எந்தச் சங்கமும் நிலைக்காது. நான் தணிக்கை செய்த கணக்குகளில் நட்டம் எழுதப்பட்ட பக்கங்கள் பலவற்றிற்கும் காரணம் இதுவே. அந்த விவசாயிக்கு நான் அளித்த விடையும் இதுதான்: “பழம் காத்திராது, ஆனால் சாறு காத்திருக்கும், நீங்கள் ஒருவரையொருவர் கைவிடாதிருந்தால்.”

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எடைக்கு மட்டும் விலை கொடுத்தால் எத்தகைய பழம் சங்கத்திற்கு வரும்?
2. விளைச்சல் முழுவதையும் சங்கத்திற்கே அளிப்பதென உறுப்பினர் உறுதி செய்யாவிடில் கொதிகலன் கடனை எவ்வாறு அடைப்பது?
3. நெசவாளர் சங்கம் நூல் வாங்கும் முறையிலிருந்து திராட்சை விவசாயிகள் எதைக் கற்கலாம்?