படுக்கையிலுள்ளோர்க்கு ட்ரோனின் துணை

ஆளின்றிப் பறக்கும் சிறு விமானமே ட்ரோன் ஆகும். செயற்கைக் கோள்களின் சைகைகளால் தன் இருப்பிடத்தை அறிந்து, முன்னரே குறித்த வழியில் அது தானே செல்லவல்லது. 2023 பிப்ரவரியில் ஒடிசாவின் நுவாபாடா மாவட்டத்தில், காட்டுவழியே வர இயலாத மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவித்தொகை ட்ரோன் மூலம் வீட்டிற்கே சென்றது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கு இம்முறை பொருந்துமா? கேரள அரசு 2008-இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. அதன் வழியே செவிலியர் நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கின்றனர். இரு வருகைகளுக்கு இடையே மாத்திரையோ கட்டுத்துணியோ தீர்ந்துவிடின், அதனைக் கொண்டுசேர்ப்பதே ட்ரோனுக்கு ஏற்ற பணியாகும்.

எனினும் வீட்டைச் சூழ்ந்த தென்னையும் ரப்பரும் அது இறங்குவதற்குத் தடையாகும். எழ இயலாதவர் முற்றத்தில் கிடக்கும் பொதியை எடுக்கவும் இயலாது. மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தை உரியவர் கையிலேயே ஒப்படைத்தல் வேண்டும்.

ஆகவே களப்பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் மூன்றினை ஆராய்தல் நலம்: திறந்த இடம் உண்டா? பொதியைப் பெறுவோர் யார்? அவ்விடம் வான்வரைபடத்தில் எம்மண்டலத்தில் உள்ளது? 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை பறக்க முன்அனுமதி தேவையில்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

ட்ரோன் மருந்தைச் சுமக்கும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்காது, படுக்கைப்புண்ணையும் காணாது. அது வந்ததென்று செவிலியரின் வருகையைக் குறைப்பின், நோயாளி இழப்பதே மிகுதி. மருந்துக்கான அலைச்சலில் மிஞ்சும் நேரம் நோயாளியின் அருகே செலவாயின், அதுவே உண்மையான பயன்.